நாணயமே பிணை

நாணயம் என்னும் ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறிக்கிறோம். கடன் கொடுக்கும் வங்கி இவ்விரண்டில் எதனைப் பார்த்தல் அறம்?

1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. உழவுக்கும் சிறுதொழிலுக்கும் கடன் சேர வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும், அடமானம் வைக்க நிலமோ வீடோ இல்லாதவர்க்கு வங்கியின் வாயில் எளிதில் திறக்கவில்லை. வங்கியைக் குறை கூறல் எளிது. ஆனால், அது கொடுப்பது பிறர் பணம். நம் இல்லங்களில் சிறுகச் சேர்த்ததும் அதில் உண்டு. அதனை இழக்க வங்கிக்கு உரிமை ஏது?

இச்சிக்கலுக்கு ஆமதாபாத்தின் ஏழைப் பெண்கள் விடை கண்டனர். காய்கறி விற்போரும் கைவண்டி இழுப்போருமாக ஏறத்தாழ 4,000 பெண்கள் ஆளுக்குப் 10 ரூபாய் பங்குத்தொகை இட்டு, 1974-இல் சேவா கூட்டுறவு வங்கியை நிறுவினர். கையெழுத்திடத் தெரியாதவர்க்குப் புகைப்படமே அடையாளமாயிற்று. தவறாமல் சேமிக்கும் ஒழுங்கே கடனுக்குத் தகுதியாயிற்று.

தெருவோர வணிகர்க்கென மத்திய அரசு 2020-இல் தொடங்கிய கடன் திட்டமும் இவ்வழியதே. பிணையின்றி முதலில் 10,000 ரூபாய் என அது தொடங்கிற்று; அதனைத் திருப்பியவர்க்கு 20,000, பின்னர் 50,000 என நாளடைவில் வளர்ந்தது.

பிழைப்புத் தேடி வேற்றூர் வந்த நமக்கு, "உமக்குப் பிணை யார்?" என்னும் வினாவின் சுமை தெரியும். வாக்குத் தவறாமையைச் சொத்தாக மதித்தல் வங்கியின் கடமை. பெற்றதைத் திருப்புதல் பெற்றவர் கடமை. ஒருவர் ஏமாற்றினால், அவருக்குப் பின்னால் நிற்கும் நேர்மையான ஏழைக்கும் அக்கதவு அடைபட்டுவிடும் அன்றோ!