நோயைச் சொல்லுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
யோபு 7:1-4, 6-7, 1 கொரிந்தியர் 9:16-19, 22-23, மாற்கு 1:29-39



தொழுகைக்கூடத்தை விட்டு வெளியே வந்த இயேசு நேராக ஒரு வீட்டுக்குப் போகிறார். அது சீமோனும் அந்திரேயாவும் குடியிருந்த வீடு. சீமோனின் மாமியார் காய்ச்சலில் கிடக்கிறார். விருந்தாளி வந்த நேரத்தில் நோயைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று வீட்டார் தயங்கவில்லை, உடனே சொல்கிறார்கள். இயேசு அருகே போய், கையைப் பிடித்து அவரைத் தூக்குகிறார். மாற்கு இதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறார். ஆனால் நோயாளி இருக்கும் எந்த வீட்டுக்கும் வேண்டிய இரண்டு பாடங்கள் இதில் உண்டு: நோயைச் சொல்ல வேண்டும், நீளும் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 11 லூர்து அன்னையின் திருநாள். அந்த நாளை உலக நோயாளர் நாளாக 1992இல் அறிவித்தவர் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல். அதை முன்னிட்டு, நம் வீட்டு ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நோயைப் பற்றி இன்று பீடத்திலிருந்தே பேச விரும்புகிறேன். புராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். திருப்பலிக்கு வருவதை அவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால், "உடம்பு கொஞ்சம் சரியில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்ப் பாதையைச் சுற்றி அமைந்த சிறு சுரப்பிதான் புராஸ்டேட். வயது ஏற ஏற அது பெரிதாகிப் பாதையை நெருக்கலாம். சிலருக்கு அதில் புற்றுநோய் வரலாம். வீக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி அடைப்பை நீக்குகிறார்கள். புற்றுநோய் என்றால் சிலருக்குச் சுரப்பியை முழுவதும் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டிலும் சில நாள் கதீட்டர் குழாய் இருக்கும். முழுச் சுரப்பியையும் எடுத்தவர்கள் பலர் ஒன்றிரண்டு வாரம் அந்தக் குழாயோடும் பையோடும் வீட்டிலேயே இருக்க வேண்டிவரும். குழாயை எடுத்த பிறகும் இருமினால் கசியும், தும்மினால் கசியும், நாற்காலியை விட்டு எழுந்தால் கசியும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இது நீடிக்கும். ஊரில் தலைநிமிர்ந்து நடந்த மனிதர் தம் வீட்டுக் கூடத்தில் உட்காரவே கூசிப்போகிறார்.

அவருடைய இரவு எப்படி இருக்கும் என்பதை முதல் வாசகத்தில் யோபு சொல்லிவிட்டார். படுத்ததும் எப்போது விடியும் என்று ஏங்கி, புரண்டு புரண்டு பொழுதைக் கழித்த மனிதர் அவர். அந்தப் புலம்பலைத் திருஅவை மறைக்கவில்லை. ஞாயிறு வழிபாட்டில் எல்லாருடைய காதிலும் விழும்படி வாசிக்கிறது. அப்படியானால் நோயின் வேதனையை வாய்விட்டுச் சொல்வது விசுவாசக் குறைவு ஆகாது. யோபு கடவுளிடமே முறையிட்டார், கடவுளும் அவரைத் தள்ளிவிடவில்லை.

ஆகவே சகோதரர்களே, சொல்லுங்கள். முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவருக்கு உரிய மதிப்பைக் கொடு, அவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. காய்ச்சலோ நடுக்கமோ வந்தாலும், குழாய் அடைத்துச் சிறுநீர் நின்றாலும், கட்டி கட்டியாக இரத்தம் போனாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சு முட்டினாலும், நெஞ்சு வலித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். இரவு நேரத்தில் பிள்ளைகளை எழுப்புவதால் உங்கள் மதிப்பு எந்த விதத்திலும் குறைந்துவிடாது.

மருத்துவர் சொன்ன கட்டுப்பாடுகளையும் கடைப்பிடியுங்கள். கசிவுக்குப் பயந்து பலர் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடுவதுதான் அதனால் மிச்சம். இருதய, சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் ஒழிய, போதிய தண்ணீர் குடியுங்கள். மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் சாப்பிடுங்கள், முக்காதீர்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை தண்ணீர்க் குடத்தையோ அரிசி மூட்டையையோ தூக்க வேண்டாம், டூ வீலரை எடுக்க வேண்டாம். குழாயை எடுத்த பிறகு அவர் சொல்லித்தரும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை, சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, தினமும் தவறாமல் செய்யுங்கள். கடவுள் தந்த உடலைப் பேணுவதும் அவருக்குச் செய்யும் ஊழியம்தான்.

அடுத்து, மனைவியிடம் சொல்லுங்கள். இந்தச் சிகிச்சைக்குப் பின் தாம்பத்திய உறவில் மாற்றங்கள் வருவதுண்டு. அதைச் சொல்ல முடியாத கணவர் எரிந்து விழுகிறார். காரணம் புரியாத மனைவி ஒதுங்கிப் போகிறார். திருமண நாளில் நீங்கள் கொடுத்த வாக்குறுதியில் நோயும் அடங்கியிருந்தது. இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பாருங்கள். பரிவாகப் பேசுவதும் கையைப் பற்றிக்கொண்டு அருகில் உட்கார்ந்திருப்பதும் திருமண அன்பின் உண்மையான வடிவங்கள்தாம்.

பராமரிக்கும் அம்மாக்களே, அக்காக்களே, மருமகள்களே, உங்கள் பாட்டை ஆண்டவர் அறிவார். சோப்புப் போட்டுக் கைகழுவி, பையைக் காலிசெய்து, மறுபடியும் கைகழுவி, நனைந்த கைலியை அலசிப் போடுகிறீர்கள். பாஸ்கா இராவுணவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவிய பணியோடு உங்கள் பணியும் சேர்ந்தது. பிள்ளைகளே, அம்மாவையே முழுவதும் சுமக்க விடாதீர்கள். மகன் ஓர் இரவு விழித்திருந்தால் அவர் ஓர் இரவு தூங்குவார்.

நோயுற்ற சகோதரரே, அன்று தம் பாதங்களைக் கழுவவிட மாட்டேன் என்று மறுத்தவர் சீமோன் பேதுரு. அவர் மாமியாரின் கையைப் பிடித்துத் தூக்கிய ஆண்டவர்தான் இப்போது முழந்தாளிட்டிருக்கிறார். கழுவவிடாவிட்டால் உனக்கு என்னோடு பங்கே இல்லை என்று இயேசு கண்டிப்பாகச் சொன்னார். காலமெல்லாம் கொடுத்தே பழகிய ஆணுக்கு வாங்கிக்கொள்வது கடினம். ஆனால் அன்பை வாங்கிக்கொள்ளத் தெரியாதவர் கிறிஸ்துவின் சீடத்துவத்தில் பாதியைத்தான் கற்றிருக்கிறார்.

சீமோனின் மாமியார் எழுந்ததும் பணிவிடை செய்தார் என்பதைக் கேட்டு யாரும் அவசரப்பட வேண்டாம். அவருக்கு ஒரு நொடியில் கிடைத்த சுகத்தை ஆண்டவர் நமக்கு வாரங்களில் தருகிறார். எழுந்தபின் உங்களுக்கும் ஒரு பணி உண்டு: மற்றவரிடம் சொல்வது. தென்னாப்பிரிக்காவின் ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவுக்கு 1997இல் புராஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் தலைவராக அப்போது அவர் இருந்தார். நோயை மறைக்கவில்லை, பணியையும் விடவில்லை. 2021 டிசம்பர் 26 அன்று, 90 வயதில் இறைவனடி சேர்ந்தார். உங்கள் தம்பியிடமும் மகனிடமும் சொல்லுங்கள். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தால், 45 வயது வாக்கிலேயே பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

நோயில்பூசுதல் என்றாலே சாகும் நேரம் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் தெளிவாக்கியது: இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான அருளடையாளம் அல்ல. கடும் நோய்க்காக அறுவை சிகிச்சைக்குப் போகுமுன் தாராளமாகக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் நாள்களில் நற்கருணை வேண்டுமானால் ஆள் அனுப்புங்கள், கொண்டுவருகிறோம். நோயினால் ஞாயிறு திருப்பலிக்கு வர முடியாதது பாவம் அல்ல.

பங்கு மக்களாகிய நமக்கும் கடமை உண்டு. அன்பியக் குடும்பங்கள் அந்த வீட்டுக்குப் போகும்போது நோயை விசாரணை செய்யாமல், ஒருவேளைச் சாப்பாடோ மருத்துவமனைக்கு ஒரு துணையோ தர முன்வரட்டும். கோவில் வளாகத்து ஆண்கள் கழிப்பறையில் உட்காரும் இருக்கையும் கைப்பிடியும், பயன்படுத்திய பேடைப் போட மூடியுள்ள குப்பைக்கூடையும் வைக்கும்படி பங்குப் பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். திருப்பலி நடுவே எழுந்து வெளியே போகிறவரை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். முழந்தாளிட முடியாதவர் உட்கார்ந்தே செபிக்கட்டும்.

வீட்டில் குணமாகிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் பொறுமையையும் தூக்கத்தையும், உண்மையைச் சொல்லும் துணிவையும் ஆண்டவர் தருவாராக. அவர்களைத் தாங்கும் கைகளுக்குப் பலம் தருவாராக. வெட்கத்தினால் இந்தப் பங்கில் ஒருவர்கூடத் தனியாய் நோயைச் சுமக்காதபடி நம்மை ஒரே குடும்பமாகக் காப்பாராக. ஆமென்.