கடைக்கால் எடுக்குமுன் ஒரு நிய்யத்

உளூச் செய்துவிட்டுத்தான் தொழுகிறோம். தொழுதுவிட்டு உளூச் செய்தால் அந்தத் தொழுகை நிறைவேறாது. தண்ணீரில் குறையில்லை, வரிசைதான் தவறிவிட்டது. இது தெரியாத முஸ்லிம் வீடு கிடையாது. ஆனால் வீடு கட்டும்போது மட்டும், “முதலில் கட்டுவோம், மண்ணையும் மழைத் தண்ணீரையும் பிறகு பார்ப்போம்” என்கிறோம். இது ஆகுமா?

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரிக்குப் போகும் வழியில் இருக்கிறது குயிலாப்பாளையம். செம்மண் மேட்டு நிலம். 1968-இல் அவ்வூரை ஒட்டி ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டபோது, அந்த மேடு பெரும்பாலும் மரமற்றுக் கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல், மண்ணை அரித்துக்கொண்டு கடலுக்கு ஓடிற்று. குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்தாரும் வரப்புப் போட்டு, குளம் வெட்டி, மரம் நட்டார்கள். ஆண்டுகள் பல சென்று மேடு காடாயிற்று.

அங்கேயே 2021 டிசம்பரில், நகரத் திட்டத்தின் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டன. வழக்கு எழுந்தது. சுற்றுச்சூழல் அனுமதி பெறும்படி 2022 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. சட்டம் இன்னதென்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நமக்குள்ள படிப்பினை வேறு. வரைபடம் காகிதமாக இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டியதை, மரம் விழுந்த பிறகு பேச நேர்ந்தது. எந்தத் தரப்பு வென்றாலும் விழுந்த மரம் எழுவதில்லை.

“அது நகரத்து வழக்கு, நம் நாலு சென்ட் மனைக்கு என்ன வந்தது?” என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்கு, சுயசான்று கொடுத்தாலே இணையத்தின் வழி அனுமதி கிடைத்துவிடுகிறது. அதற்கு முன் அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. இது வசதிதான், அதைவிடப் பெரிய அமானத்தும் கூட. பார்ப்பவர் இல்லாத இடத்தில் நம் கையெழுத்தே சாட்சியம். வெட்டும் எண்ணமில்லாத மழைநீர்க் குழியைப் படத்தில் மட்டும் வரைந்து கையெழுத்திட்டால், அது பொய்ச் சாட்சியம் அல்லவா?

மனையை உயர்த்தி, முற்றம் முழுவதும் சிமெண்டு பூசினால், நம் கூரைத் தண்ணீர் அண்டை வீட்டாரின் வாசலில் நிற்கும். கடலோரத்தில் மழையை ஓடவிட்டு, ஆழ்குழாயால் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தால், உப்பு நீர் உள்ளே ஏறும். உவர்த்துப் போவது நம் கிணறு மட்டுமல்ல, அக்கம்பக்கத்தார் கிணறுகளும்தான். ஓடும் ஆற்றங்கரையிலும் உளூவின் தண்ணீரை வீண்செய்யக் கூடாதென்று கற்பிக்கும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, அண்டை வீட்டாரின் ஹக்கை இப்படி அழிக்கலாமா?

செலவு கூடும் என்பார்கள். கடைக்கால் எடுக்குமுன் குழி வெட்ட இரண்டு ஆள் கூலி. வீடு கட்டிய பின் என்றால் போட்ட தரையை உடைக்க வேண்டும். ஆகவே சகோதரர்களே, வீடானாலும் மதரஸாவானாலும் பள்ளிவாசலானாலும், படம் வரையுமுன் ஒரு மழை நாளில் மனையில் போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள். எந்த மரத்தை விடலாம் என்று அடையாளம் வையுங்கள். பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். பிறகு இன்ஜினீயரிடம் போங்கள். அதுவே அந்தக் கட்டிடத்தின் நிய்யத்.

வல்ல நாயன் நம் இல்லங்களைப் பிறருக்கு இடரில்லாத இல்லங்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.