மணமும் அறமும்

ஐம்புலன்களுள் மனிதனின் விருப்பத்துக்கு மிகக் குறைவாகக் கட்டுப்படுவது மோப்பப் புலனாகும். காண விரும்பாததைக் கண்மூடித் தவிர்க்கலாம். உண்ண விரும்பாததை வாயிலிடாது விடலாம். மணமோ மூச்சோடு கலந்து வருவது. அதனை மறுப்பதாயின் மூச்சையே மறுக்க வேண்டும். பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ என்னுஞ் சொல் இன்று தீய மணத்தையே பெரிதும் குறிக்கின்றது. அச்சொல் காலத்தால் அடைந்த மாற்றத்தை ஒரே மணம் ஆளுக்காள் அடைகின்றது. ஒருவருக்கு இன்பந்தரும் வாசனைத் திரவியம், அருகிலிருப்பவருக்கு மூச்சுத்திணறலையோ ஒற்றைத் தலைவலியையோ தோல் தடிப்பையோ உண்டாக்கக்கூடும்.

இந்நிலையில் எழும் வினாவொன்று ஆராயத்தக்கது. வாசனைகளால் துன்புறும் ஒருவர் தாமே வாசனைத் திரவியம் பூசலாமா? பூசின் அவர்மீது இரு குற்றச்சாட்டுகள் எழுகின்றன. அவரது முறைப்பாடு பொய் என்பது முதலாவது. பிறரிடம் வேண்டும் ஒழுக்கத்தைத் தாம் கைக்கொள்ளவில்லை என்பது இரண்டாவது. இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்படினும் தம்முள் வேறுபட்டவை. முதலாவது உண்மை பற்றியது. இரண்டாவது நீதி பற்றியது.

முதலாவது குற்றச்சாட்டு, வாசனை என்பது ஒரே பொருள் என்ற மயக்கத்திலிருந்து பிறப்பது. ஒரு போத்தல் வாசனைத் திரவியத்திற் பல பத்து இரசாயனப் பொருள்கள் கலந்திருத்தல் கூடும். அவை பெரும்பாலும் ‘வாசனை’ என்ற ஒரே சொல்லின் கீழ்ச் சுட்டுத்துண்டில் மறைந்துவிடுகின்றன. இக்காரணத்தாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டில், ஒவ்வாமை விளைக்கும் 26 வாசனைப் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேற் கலப்பின் தனித்தனியே பெயர் கூறவேண்டுமென விதித்தது. 2023இல் அப்பட்டியல் எண்பதுக்கும் மேற்பட்டதாக விரிந்தது. இயற்கையிற் கிடைப்பது தீங்கற்றது என்ற நம்பிக்கையும் முழுதும் பொருந்தாது. லவெண்டர் முதலிய மலர் எண்ணெய்களில் உள்ள லினலூல், காற்றுப்பட்டு ஒட்சியேற்றமடைந்த பின்னர் தோல் ஒவ்வாமையை விளைக்கும் ஆற்றலை மிகுதியாகப் பெறுகின்றது.

ஆகவே ஒரு வாசனையால் மூச்சுமுட்டுபவர் மற்றொன்றைத் துன்பமின்றிப் பூசுதல் இயல்வதே. இறால் உண்டால் உடல் தடிக்கும் ஒருவர் மீன்குழம்பு உண்பதைக் கண்டு அவரைப் பொய்யர் என்பார் எவருமிலர். வாசனை விடயத்தில் மட்டும் அவ்வாறு கூறத் துணிவதேன்? துன்பம் கண்ணுக்குப் புலப்படாதபோது சமூகம் அதற்குத் துறவைச் சான்றாகக் கேட்கின்றது. நோயாளி எல்லா மணத்தையும் துறந்தாலன்றி அவரது நோயை நம்புவதில்லை. இதனால் தமக்குத் தீங்கு செய்யாத ஒரு முழம் மல்லிகையைக்கூட, பிறர் ஐயுறுவர் என அஞ்சிச் சூடாது விடும் நிலை அவருக்கு ஏற்படலாம். நோயின் துன்பத்தோடு, நம்பப்படாமையின் துன்பமும் அவர்மேற் சுமத்தப்படுகின்றது. இது அநீதி என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு இவ்வளவு எளிதில் நீங்குவதன்று. யோன் ஸ்ரூவேட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், ஒருவர் தம்மளவில் நிற்கும் செயலையும் பிறருக்குத் தீங்கு பயக்கும் செயலையும் வேறுபடுத்தினார். உடை, அணி, ஒப்பனை ஆகியன முதல்வகைக்கு உரியன. வாசனை ஒப்பனையாகத் தோன்றினும், பூசியவரின் உடலில் மட்டும் நில்லாது காற்றிற் பரவுகின்றது. இதனை மில்லுக்கு முன்னரே நுணுகி நோக்கியவர் இம்மானுவேல் கான்ற். 1790இல் வெளிவந்த நூலில், வேண்டாதார் செவியிலும் சென்று விழும் இசையை, வாசனை தோய்ந்த கைக்குட்டையை எடுத்துச் சூழவுள்ளோர் அனைவரையும் நுகரவைப்பவரின் செயலுக்கு அவர் ஒப்பிட்டார். 1798இல் வெளிவந்த மானிடவியல் நூலிலோ மோப்பத்தைச் சுதந்திரத்துக்கு மாறான புலன் என்றே கருதினார்.

இதனோடு உடலியல் உண்மையொன்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். தொடர்ந்து நுகரும் மணத்துக்கு மூக்கு விரைவிற் பழகிவிடுகின்றது. பூசியவர் தம் மணத்தைச் சிறிது நேரத்தில் உணராதொழிகின்றார். குறைந்துவிட்டதென எண்ணி மீண்டும் பூசுவாருமுளர். இதனால், அம்மணம் அயலாரை எவ்வளவு தாக்குகின்றது என்பதை அறிய மிகக் குறைந்த தகுதியுடையவர் பூசியவரே. ஒவ்வாமையுடையவர், ‘இது எனக்குத் தீங்கு செய்யவில்லை’ எனச் சோதித்தறிந்த மணமும் அயலாருக்குத் தீங்கற்றது எனக் கொள்ள இடமில்லை. முதற் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்த அதே உண்மை இங்கே அவரைக் கட்டுப்படுத்துகின்றது. உடல்கள் வேறுபடுகின்றன, ஓர் உடல் மற்றோர் உடலுக்கு அளவுகோலாகாது. அறியாமல் செய்தோம் என்று பிறர் கூறலாம். அத்துன்பத்தைத் தம் மூச்சில் அறிந்தவர் அவ்வாறு கூறுதல் அரிது.

அவ்வாறாயின் மணமெல்லாம் விலக்கத்தக்கதோ எனின், அன்று. சந்தனம் வழங்கியும் பன்னீர் தெளித்தும் விருந்தினரை வரவேற்பது தமிழர் மரபு. அங்கே மணம் மதிப்பின் அடையாளம். திருமண வீட்டுக்குச் செல்பவர் அதனை எதிர்பார்த்தே செல்கின்றார்; இயலாதவர் சற்று விலகியும் இருக்கலாம். விரிவுரை மண்டபம், பரீட்சை மண்டபம், வைத்தியசாலை விடுதி, நெரிசல் மிகுந்த பேருந்து ஆகியவற்றில் அவ்வாறு விலகுதல் இயலாது. ஆதலின் விலகிச் செல்லும் வாய்ப்பு உண்டா, இல்லையா என்பதே இங்கு ஏற்ற அளவுகோலாகும். கனடாவின் ஹலிபக்ஸ் நகரிலுள்ள டல்ஹௌசிப் பல்கலைக்கழகம், வாசனைப் பொருள்களைத் தவிர்க்குமாறு தன் வளாகத்தினரை வேண்டும் கொள்கையை வகுத்தது. அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் சகபணியாளரின் வாசனையால் மூச்சுத்திணறலுற்ற ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கு, 2010இல் 100,000 டொலர் இழப்பீட்டுடன் இணக்கமாக முடிந்தது. பணியிடத்தை விட்டு விலக இயலாதவரின் மூச்சே அங்கு பொருளாயிற்று.

மோந்த அளவிலேயே வாடும் அனிச்ச மலரை விருந்தினரின் மென்மைக்கு ஒப்புமையாக்கிய வள்ளுவர், விருந்தினரிடம் அவரது வாட்டத்துக்குச் சான்று கேட்கவில்லை. முகம் வேறுபடாதிருக்கும் பொறுப்பை விருந்தளிப்பவர் மீதே சுமத்தினார். பொதுவிடத்தில் ஒரே காற்றைப் பகிர்வோரும் ஒருவருக்கொருவர் விருந்தினரே. எனவே, வாசனையால் துன்புறுபவர் ஒரு மணத்தைப் பூசியிருக்கிறார் என்பதற்காக அவரது சொல்லை ஐயுறுதல் தகாது. அவரும் தம் வீட்டிலும் திறந்த வெளியிலும் அம்மணத்தை நுகர்ந்து மகிழலாம். பிறர் எழுந்து செல்ல இயலாத இடத்துக்கு அதனைக் கொண்டுசெல்லாதிருத்தலே அறமாகும். அயலார் ஒருவர் ‘இம்மணம் எனக்கு ஒவ்வாது’ எனக் கூறுமிடத்து, தாம் நம்பப்பட வேண்டுமென விரும்பியவாறே அவரையும் நம்புதல் அவருக்குக் கடனாகும்.