யார் செலவில் ஒரு பாடம்?

1942ஆம் ஆண்டு. கரீபியக் கடலில் எண்ணெய்க் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் வேட்டையாடிக்கொண்டிருந்த காலம். குராசோ தீவை விட்டு அம்மாவோடு அமெரிக்கா புறப்பட்ட 11 வயது பிலிப்பின் கப்பலும் தாக்கப்பட்டு மூழ்குகிறது. தெப்பத்தில் மிஞ்சுவது அவனும், தீமோத்தி என்ற கறுப்பினக் கிழவரும், ஒரு பூனையும். தலையில் பட்ட அடியால் பையனின் பார்வை போய்விடுகிறது. தியோடர் டெய்லர் 1969இல் எழுதிய ‘தி கே’ என்னும் சிறார் நாவலின் தொடக்கம் இது.

கறுப்பர்களோடு சேரக் கூடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை பிலிப். மனிதர் இல்லாத தீவில், தான் இளக்காரமாக நினைத்தவரின் கையைப் பிடிக்காமல் அவனால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. மெல்ல மெல்ல இளக்காரம் கரைகிறது. கடைசியில் வரும் சூறாவளியில் தன் உடம்பையே மறைப்பாக்கி அவனைக் காத்துவிட்டு, தீமோத்தி இறந்துபோகிறார்.

டெய்லர் இந்த நூலை மார்ட்டின் லூதர் கிங்கின் கனவுக்குக் காணிக்கையாக்கினார். 1970இல் ஜேன் ஆடம்ஸ் சிறார் நூல் விருது கிடைத்தது. ஆனால், வெள்ளைக்காரப் பையன் திருந்துவதற்காகவே ஒரு கறுப்பர் பணிந்து வாழ்ந்து சாகிறார் என்ற எதிர்ப்பு கிளம்பி வலுத்தது. சில ஆண்டுகளில் டெய்லர் விருதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எதிர்ப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. பிலிப்பின் மதிப்பைத் தீமோத்தி எப்படிப் பெறுகிறார்? மீன் பிடித்து, குடிசை கட்டி, மழைநீர் சேர்த்து, இறுதியில் உயிரையும் கொடுத்து. இவற்றில் எதுவும் தெரியாத, யாரையும் காப்பாற்றாத சோம்பேறிக் கறுப்பர் ஒருவர் அந்தத் தெப்பத்தில் இருந்திருந்தால் அவருக்கு மரியாதை கிடையாதா? பயன்பட்டதற்குத் தரும் மதிப்பு நன்றிக்கடன்தான். அதைச் சமத்துவம் என்று கணக்கெழுதக் கூடாது. பார்வை விஷயத்திலும் ஒரு நழுவல் இருக்கிறது. நாவல் முடியும் தறுவாயில்தான் பிலிப்புக்குக் கண் திரும்புகிறது. தீமோத்தியின் நிறத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அவரை மதிக்கும் சோதனையை ஆசிரியர் அவனுக்கு வைக்கவே இல்லை.

இருந்தும் இந்த நூலை அலமாரியிலிருந்து எடுத்துவிடச் சொல்வது நியாயமாகப் படவில்லை. காரணம் ஒரு காட்சி. விமானத்தில் போகிறவர்கள் கண்ணில் படும்படி உதவி கேட்கும் சொல்லை மணலில் கற்களால் எழுத வேண்டும். தீமோத்திக்கு எழுத்து தெரியாது. தெரியாததை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம். பையன் அதைக் கண்டுபிடித்துவிட்டு உள்ளூர மகிழ்கிறான். பிறகு பாய் முடையச் சொன்னதும் கைவராமல் ஆத்திரப்பட்டு, அவரது நிறத்தையும் படிப்பின்மையையும் சேர்த்தே ஏசுகிறான். ஓர் அறை விழுகிறது. இனவெறுப்பு ஏதோ அரக்கர்களின் குணமல்ல. தன் இயலாமையை மறைக்க ஒரு சாதாரணக் குழந்தை கையில் எடுக்கும் வசதியான ஆயுதம் என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய சாகசக் கதைகள் அரிது. 1719இல் வந்த ராபின்சன் குரூசோ, தான் காப்பாற்றியவனுக்குக் கிழமையின் பெயரைச் சூட்டி, தன்னை எஜமான் என்று அழைக்கக் கற்றுக்கொடுத்தவன். அந்த மரபில் கறுப்பரே ஆசிரியராவது சின்ன விஷயமல்ல. அதுவும் எப்படிப்பட்ட ஆசிரியர்! தான் இல்லாமல் போனாலும் பையன் பிழைக்க வேண்டும் என்று கயிறு கட்டி வழி பழக்குகிறார், தென்னை ஏறச் சொல்கிறார்.

ஆகவே இந்த நூலைப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கலாம், ஆனால் இது ஒன்றை மட்டும் கொடுத்தால் குழந்தைக்குத் தவறான கணக்கு பதியும். மில்ட்ரெட் டெய்லரின் 1976ஆம் ஆண்டு நாவலில் மிசிசிப்பியின் கறுப்பினக் குடும்பம் ஒன்று தன் நிலத்தைக் காக்கப் போராடுகிறது. கதை சொல்வது அந்த வீட்டுச் சிறுமி. யாரையும் திருத்தும் வேலை அவளுக்கு இல்லை. அவள் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் படித்த பிள்ளை, தீமோத்தியின் வீட்டில் யார் யார் இருந்தார்கள், அவருக்கு என்ன ஆசை இருந்தது என்று தானே கேட்கும்.

தியோடர் டெய்லருக்கே அந்தக் கேள்வி தட்டியிருக்க வேண்டும். 1993இல் எழுதிய தொடர்ச்சி நூலில் தீமோத்திக்கு ஓர் இளமைப் பருவத்தையும், சொந்தக் கப்பலுக்குத் தலைவனாகும் கனவையும் தந்தார். அதிலும் பாதிக் கதை பிலிப்பின் கண் சிகிச்சைக்குப் போய்விட்டது.