நினைவில் நிற்கும் வீடு யாருடையது?

பிறந்து வளர்ந்த வீட்டை எண்ணி மகிழாத மனிதர் அரியர். வயது ஏற ஏற அந்த வீடும் வளர்கிறது. திண்ணை அகலமாகிறது, முற்றத்து மரம் உயர்கிறது, அன்று உண்ட கஞ்சிக்கு இன்று உண்ணும் விருந்தில் இல்லாத சுவை வந்து சேர்கிறது. இதில் குற்றம் காண்பவர் எவரும் இல்லை. ஆயினும், நான் நெடுநாளாக எண்ணிப் பார்த்துவரும் வினா ஒன்று உண்டு. ஒரே வீட்டில் வளர்ந்த நால்வருக்கு அவ்வீட்டின் நினைவு நான்காக இருக்குமானால், பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது? இனியதை மட்டும் எடுத்துச் சொல்வது அறமா? சொல்லாமல் விட்டவர்களுக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா?

மலேசியத் தமிழர்க்கு இவ்வினா பிறரைவிடச் சற்றுக் கூடுதலாகவே உரியது. நம் வீடுகள் நிலைத்து நின்றவை அல்ல. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவரின் ஊர்வீடு பெயரளவில் நின்றது. தோட்டத்து லயங்கள் துண்டாடலாலும் வீடமைப்புத் திட்டங்களாலும் மறைந்தன. பிரிக்பீல்ட்ஸில் நூறு வீடுகள் என்று பெயர்பெற்ற இரயில்வே குடியிருப்பும் இடிக்கப்பட்டுவிட்டது. சுவரும் கூரையும் இல்லாதபோது வீடு என்பது சொல்லாக மட்டுமே எஞ்சுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை நமக்குச் சொல்வது மணிமேகலை. அந்நகரின் தெருக்களில் இன்று நாம் நடப்பதும் காப்பியங்களின் துணையால்தான். சொல்லையன்றி வேறு சான்று இல்லாத இடத்தில், சொல்பவனுக்குப் பொறுப்பு மிகுதி.

எங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒரு வீடு உண்டு. கோல லங்காட் மாவட்டத்தில், மோரிப் கடற்கரைக்குச் சற்றுத் தெற்கே, தென்னந்தோட்டம் ஒன்றின் விளிம்பில் அது இருந்ததாம். நான் பிறக்கும் முன்பே அவ்வீடு போய்விட்டது. தென்னையை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டபோது இடத்தின் அடையாளமும் அழிந்தது. ஆயினும் அதன் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும். பலகைச் சுவர், அத்தாப்புக் கூரை, ஈரமண்ணுக்கு அஞ்சி நிலத்தினின்று மூன்றடி உயர்த்திய தரை. கடல்நீர் தோட்டத்துள் புகாதவாறு எழுப்பிய மண்வரப்பை எல்லோரும் பண்டு என்றே அழைப்பர். அதன்மேல் ஏறி நின்றால் மலாக்கா நீரிணை தெரியும். அக்கரையின் இயல்பை அறியாதவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். நெய்தல் என்றவுடன் வெண்மணலும் புன்னையும் தாழையும் நம் மனக்கண்ணில் தோன்றும். கிள்ளான் பக்கத்துக் கடலோரம் பெரும்பாலும் சேற்றுக் கரை. கண்டல் மரங்கள் வேரைத் தூக்கி நிற்கும். நீர் வற்றும் நேரத்தில் கடல் நெடுந்தொலைவு பின்வாங்கி, பழுப்பு நிறச் சேறு பளபளக்கும். அந்தச் சேற்றில் நண்டு பிடித்ததும், வேர்களுக்கிடையே ஒளிந்து விளையாடியதும், கொப்பரை காயும் மணமும், இரவில் கூரைமேல் மட்டை விழும் ஓசையும் என் தந்தையாரும் அவர்தம் உடன்பிறந்தார் இருவரும் கூடும்போதெல்லாம் பேசித் தீராத செய்திகள். பெரியப்பா 1936இலும், தந்தையார் 1939இலும், சித்தப்பா 1943இலும் பிறந்தவர்கள். மூவரும் பேசினால் நேரம் போவதே தெரியாது.

சித்தப்பாவிடம் ஒரு சிறப்புக் கதை உண்டு. சப்பானியர் சரணடைந்தபின், 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், நேசநாட்டுப் படைகள் மோரிப்பில் கரையிறங்கின. 25ஆவது இந்தியப் படைப்பிரிவினர் வந்திறங்கியபோது வண்டிகள் பல மென்மணலிலும் சேற்றிலும் புதைந்து நின்றமை வரலாறு. இன்று அங்கே ஒரு நினைவுச் சின்னமும் இருக்கிறது. சித்தப்பா அக்காட்சியைக் கண்டவர். புதைந்த வண்டியைத் தள்ளிய வீரர்களின் முழங்கால் வரை சேறு ஏறியிருந்ததையும், ஒருவர் தமிழில் பேசியதையும் விவரிப்பார். கேட்போர்க்கு மெய் சிலிர்க்கும். ஆனால் அன்று அவருக்கு வயது இரண்டு.

அவர் பொய் சொன்னாரா? ஆசிரியப் பயிற்சியில் நாம் எல்லோரும் படித்த பியாஜே இத்தகைய ஒன்றைத் தம் வாழ்விலேயே குறித்துள்ளார். இரண்டு வயதில் தம்மைத் தள்ளுவண்டியிலிருந்து கடத்திச் செல்ல ஒருவன் முயன்றதும், செவிலி போராடித் தடுத்ததும், அவள் முகத்தில் ஏற்பட்ட கீறலும் அவருக்குத் தெளிவாக நினைவில் இருந்தன. அவருக்குப் பதினைந்து வயது ஆனபோது அச்செவிலி, தான் அதைப் புனைந்து கூறியதாகப் பெற்றோர்க்கு எழுதி, பரிசாகப் பெற்ற கடிகாரத்தையும் திருப்பி அனுப்பினாள். நடக்காத ஒன்று காதால் நுழைந்து கண்ணால் கண்டதாக மாறிவிட்டது. சித்தப்பாவின் செய்தி நடந்த ஒன்று. அதைக் கண்டவர்கள் வீட்டில் இருந்தார்கள். கேட்டது அவருக்குக் கண்டதாயிற்று. அவ்வளவே வேறுபாடு.

நம் முன்னோர் இதற்குப் பெயரும் வைத்திருக்கின்றனர். மணிமேகலை சமயக் கணக்கர் திறம் உரைக்கும் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை எண்ணுகிறான். காண்டலும் கருதலும் முன்னே நிற்க, ஐதிகமும் அவற்றுள் ஒன்றாக வருகிறது. இம்மரத்தில் பேய் உண்டு என்று வழிவழியாகச் சொல்லப்படுவதை ஏற்பது அதற்குக் காட்டு. காப்பியத்தின் முடிவில் அறவண அடிகள் காண்டலும் கருதலும் ஆகிய இரண்டை மட்டுமே அளவையாகக் கொள்கிறார். நியாய நூலாரோ நினைவையே புதிய அறிவைத் தரும் அளவையாக ஏற்பதில்லை. இவ்வளவு கடுமை குடும்பக் கதைக்கு வேண்டா. ஐதிகத்தை ஐதிகம் என்று அறிந்து போற்றினால் போதும். சித்தப்பாவின் கதையால் எவருக்கும் தீங்கில்லை. பேரப் பிள்ளைகள் மோரிப்பின் பெயரை மறக்காமல் இருப்பதும் அவரால்தான்.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. கூட்டிச் சொல்வதைவிட விட்டுச் சொல்வதே ஆராயத்தக்கது.

அந்த வீட்டில் நான்காவது பிள்ளையும் உண்டு. வரிசைப்படி அவரே முதல் பிள்ளை. என் அத்தை 1934இல் பிறந்தார். 2009ஆம் ஆண்டுத் தீபாவளியன்று கிள்ளானில் பெரியப்பா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். வழக்கம்போலக் கூடத்தில் கடலும் நண்டும் கொப்பரையும் அலை அடித்துக்கொண்டிருந்தன. அத்தை முறுக்குத் தட்டுடன் சமையலறையிலிருந்து வந்தார். கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒருத்தி, "பாட்டி, உங்களுக்கும் கடல் ரொம்பப் பிடிக்குமா?" என்று கேட்டாள். அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்: "கடலை நான் எங்கம்மா பார்த்தேன்? அது எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளே தோட்டத்துப் பக்கம். போகும்போது கடலுக்கு முதுகைக் காட்டிப் போவேன். திரும்பி வரும்போது தண்ணீர் சிந்திவிடக் கூடாதென்று தகரத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன்."

கடலோரத்து வீட்டுக் கிணற்றில் உப்பு ஏறும் என்பதை நான் அறிவேன். மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்ததையும் கேட்டிருக்கிறேன். மழையில்லாத நாளில் அவ்வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்பதை அன்றுவரை எவரும் கதையில் சேர்த்ததில்லை. தோளில் கம்பு வைத்து, இரு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரம் தொங்க, காலையில் இரு நடை, மாலையில் இரு நடை. பாட்டி கொப்பரைக் கொட்டகையில் வேலைக்குப் போனதால், போர் முடிந்த மறு ஆண்டே மூன்றாம் வகுப்போடு அத்தையின் படிப்பு நின்றது. தம்பியர் மூவரும் படித்தனர். ஒருவர் எழுத்தர் ஆனார், ஒருவர் ஆசிரியர் ஆனார், ஒருவர் துறைமுகத்தில் பணியாற்றினார்.

அத்தை இதைக் குறையாகச் சொல்லவில்லை. முகத்தில் வருத்தம் இல்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கூடத்தில் சற்று நேரம் பேச்சு எழவில்லை. பிறகு எவரோ மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினர்.

இதற்கு மறுமொழியாகச் சிலவற்றைச் சொல்லலாம். தம்பியர் அன்று சிறுவர். சிறுவர் விளையாடுவதே முறை. அவர்களிடம் என்ன குற்றம்? உண்மைதான். சேற்றில் நண்டு பிடித்த ஏழு வயதுச் சிறுவன் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனால் நினைவைச் சொல்வது சிறுவனின் செயலன்று; எழுபது வயது மனிதரின் செயல். விளையாடியதற்குக் கணக்குக் கேட்பார் இல்லை. அவ்விளையாட்டுக்குரிய பொழுதைத் தந்தது யார் என்று அறிந்த பின்னும் சொல்லாதிருப்பது வேறு.

வள்ளுவரை வைத்து வாதிடுவோரும் உண்டு. வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றால், இனிய நினைவை மட்டும் சொல்லிப் பிள்ளைகளை மகிழ்விப்பது வாய்மையே அன்றோ என்பர். வள்ளுவர் வைத்த நிபந்தனையை அவர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர் என்பது என் கருத்து. நன்மை என்று மட்டும் அவர் கூறவில்லை. புரை தீர்ந்த நன்மை வேண்டும் என்கிறார். கேட்பவர்க்கு இனிமை, சொல்பவர்க்கு இனிமை, சமையலறையில் நிற்பவர்க்கு? ஒருவரையேனும் இல்லாதவராக்கிப் பெறும் இனிமையில் புரை இல்லை என்று எப்படிச் சொல்வது?

இன்னும் நுட்பமான ஒன்று செய்ந்நன்றி பற்றியது. நன்றி மறத்தலை நாம் பெருங்குற்றம் என்று கற்பிக்கிறோம். ஆனால் மறப்பதற்கு முன் அறிந்திருக்க வேண்டும். அதிகாரத்தின் பெயரே செய்ந்நன்றி அறிதல். தன் தந்தையின் படிப்புக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தோள் இருந்தது என்று அறியாத பிள்ளை, நன்றியை மறக்கவும் இல்லை, நினைக்கவும் இல்லை. அவனுக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை. குடும்பக் கதையின் மௌனம், அடுத்த தலைமுறையின் அறக்கடன் ஒன்றை அவர்கள் அறியாமலேயே அழித்துவிடுகிறது. எனக்கு இதுவே பொறுக்க முடியாததாகத் தோன்றுகிறது. அத்தைக்கு இழைத்த குறை ஒருபுறம் இருக்க, பேரனுக்கும் இது இழப்பு அல்லவா?

பிரெஞ்சு நாட்டுச் சமூகவியலார் ஆல்புவாக்ஸ், 1925இல் வெளியிட்ட நூலில், தனிமனிதன் நினைவுகூர்வதும் தான் சேர்ந்த குழுவின் துணையோடுதான் என்று நிறுவ முயன்றார். நம் வீடுகளைப் பார்த்தால் அது எளிதில் விளங்கும். கூடத்தில் அமர்ந்தவர்கள் ஒருவர் நினைவை மற்றவர் எடுத்துக்கொடுத்து வளர்க்கின்றனர். ஆண்டுதோறும் அது மெருகேறுகிறது. அடுப்படியில் நின்றவரின் நினைவுக்குத் துணைநினைவு கிடைப்பதில்லை. கேட்பாரின்றிக் கிடந்த நினைவு மெலிந்து, இறுதியில் உரியவருக்கே சொல்லத் தகாத சிறு செய்தியாகிவிடுகிறது. அத்தை அன்று அதைச் சிரிப்பாகச் சொன்னதன் காரணமும் இதுவாகலாம்.

இதனால் பழைய வீட்டை வழக்கு மன்றமாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இக்காலத்தில் அப்படியும் ஒரு போக்கு வளர்ந்து வருகிறது. பாட்டியின் துன்பத்தைப் பேரன் தன் பெருமையாக மேடையில் விரித்துக் கைதட்டல் பெறுகிறான். பாட்டிக்கு அப்போதும் நாற்காலி இல்லை. துன்பத்தை மட்டும் பொறுக்கி எடுப்பதும் பொறுக்கி எடுப்பதே. பெரியப்பா கண்ட கடல் பொய்யன்று. மாலை வெயிலில் சேறு பொன்னாக மின்னியதும், தந்தையார் அந்த வேர்களிடையே அச்சமின்றித் திரிந்ததும் நடந்தவையே. ஒரு வீட்டில் கடலும் இருந்தது, தண்ணீர் இல்லாமையும் இருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நம் நாவு பழகவில்லை.

தமிழ்ப்பள்ளியில் இதற்கு இடம் உண்டு என்று எண்ணுகிறேன். 'என் தாத்தா பாட்டி வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னால், அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை குளிர்ந்த காற்றையும் பசுமாட்டையும் எழுதுகிறது. தாத்தா இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவராக இருப்பார். பசுவைப் பாட்டி வைத்திருந்தாரா என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. கட்டுரை நூல்களில் கண்ட வீட்டையே எல்லோரும் தத்தம் வீடாக எழுதித் தருகின்றனர். நாமும் சிவப்பு மையால் ஒற்றுப்பிழை மட்டும் திருத்தி மதிப்பெண் இடுகிறோம். சந்தி முக்கியம்தான், மறுக்கவில்லை. எனினும் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு அதே தலைப்பைக் கொடுத்தபோது, கரும்பலகையில் மூன்று வினாக்களை எழுதினேன். அந்த வீட்டுக்குத் தண்ணீர் யார் கொண்டுவந்தார்? விளக்கை யார் ஏற்றினார், யார் கடைசியில் உண்டார்? இதை யாரிடம் கேட்டு அறிந்தாய்?

ஒப்படைக்க வேண்டிய நாளில் பெரும்பாலோர் கட்டுரையைத் தந்தனர். ஒரு மாணவி வெறுங்கையோடு வந்து நின்றாள். "ஐயா, பாட்டியிடம் கேட்டேன். முதல் நாள் ஒன்றும் இல்லை என்றார். நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார், இன்னும் முடியவில்லை. எனக்கு இன்னும் இரண்டு நாள் தருவீர்களா?" என்றாள். ஒரு வாரம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.