பிறந்த நாளும் வாய்மையும்: இணையக் கலைக்களஞ்சியங்களில் அகவைப் பதிவு

வாழ்க்கைக் குறிப்பைப் பிறந்த நாளிலிருந்து தொடங்குவது கலைக்களஞ்சிய மரபு. அச்சு நூலில் அது அச்சிட்டவாறே நிற்கும். இணையக் கலைக்களஞ்சியத்திலோ, பிறந்த நாளை இட்டவுடன் கணினி அகவையைத் தானே கணக்கிட்டு ஆண்டுதோறும் கூட்டிக் காட்டுகிறது. வாழும் ஒருவரின் அகவையை அவர் விரும்பாதபோதும் உலகறியப் பதிவது அறமாகுமா என்பது எண்ணத்தக்க வினாவாகும்.

இவ்வினா நீதிமன்றம் வரை சென்றுள்ளது. சந்தாதாரரான கலைஞர் வேண்டினால் திரைத்துறைத் தரவுத்தளங்கள் அவர்தம் அகவையை நீக்க வேண்டும் என 2016-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. அகவை வெளிப்பட்டால் வாய்ப்பு மறுக்கப்படும் என்பது கலைஞர்தம் அச்சம். ஐ.எம்.டி.பி. தளம் வழக்குத் தொடுத்தது. அச்சட்டம் பேச்சுரிமைக்கு முரணானது என 2018-இல் கீழமை நீதிமன்றம் கூறியது; 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. எனினும், சட்டம் தடுக்காதன யாவும் அறமாகிவிடா.

காலக் குறிப்பின்மையால் சங்கப் புலவர்தம் காலம் இன்றும் கருத்து வேறுபாட்டிற்கு உரியதாக உள்ளது. ஆதலின், பிறந்த நாளை விடுப்பது வருங்கால ஆய்விற்கு இழைக்கும் தீங்கு என்பர். இவ்வாதம் வலுவுடையதே. ஆயின் தலைமுறையையும் படைப்புகளின் வரிசையையும் துணிய ஆண்டே பெரும்பாலும் போதும். நாளும் திங்களும் சேர்ந்த முழுக் குறிப்போ, வங்கி முதலிய இடங்களில் ஒருவரை அடையாளம் காட்டும் சான்று. பிறர் கைப்படின் மோசடிக்கு இடந்தருவது.

மேலும், ஆவணத்தில் உள்ள நாள் மெய்யான நாளாகவே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொடச் செய்து பள்ளியில் சேர்த்த காலத்தில், தலைமையாசிரியர் எழுதிய நாளே பலர்க்குச் சான்றிதழில் நிலைத்துவிட்டது. எனவே, நாளோடு அது பெறப்பட்ட சான்றையும் சுட்டுதல் கடமையாகிறது.

வள்ளுவர் தீங்கு பயவாமையை வாய்மையின் இலக்கணமாக்கினார். இதனைக் கொண்டு அகவையைக் குறைத்து எழுதலாம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. சொல்லாமை வேறு, பொய் சொல்லுதல் வேறு. முன்னது அடக்கம், பின்னது வரலாற்றைச் சிதைப்பது. பரவலாக வெளியிடப்படாத, அல்லது உரியவர் மறுப்புத் தெரிவித்த பிறந்த நாளை விடுத்து ஆண்டை மட்டும் குறிக்கும் ஆங்கில விக்கிப்பீடியாவின் நெறி இவ்வேறுபாட்டிற்கு இயைந்ததாகும்.

வாழ்வோர்க்கு ஆண்டு, மறைந்தோர்க்கு முழு நாள், இருவர்க்கும் சான்று என வரையறுப்பின், ஆய்வின் தேவையும் மனிதரின் மதிப்பும் ஒருங்கே காக்கப்படும் எனலாம்.