இலவசச் சீட்டும் கல்லெறி வியாபாரமும்

 

 

சென்ற துல்கஃதா மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் தம் பேரனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பதினான்கு வயதுப் பிள்ளை. ஐந்து வேளையும் பள்ளிக்கு வருகிறவன். பின்னால் வாசலோரமாக அவனுடைய தாயார் நின்றிருந்தார். தகப்பனார் ரியாதில் இருக்கிறார். குர்பானிப் பங்குக்கென்று அந்தத் தாய் மாதாமாதம் மிச்சம் பிடித்து வைத்திருந்த பணத்தில் 3,860 ரூபாயைப் பையன் செல்போன் விளையாட்டு ஒன்றில் செலவழித்துவிட்டான். ஒரே நாளில் அல்ல. எண்பது ரூபாயும் நூறு ரூபாயுமாக இரண்டு மாதத்தில் போயிருக்கிறது. கரண்டு பில் கட்டுவதும் கேஸ் பதிவு செய்வதும் அந்த வீட்டில் அவன் வேலைதான். ஆகவே இரகசிய எண் அவனுக்குத் தெரியும்.

“ஹஜ்ரத், இவன் சூதாடிட்டான். இவனை என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார் பெரியவர்.

பையன் அழவில்லை. நிதானமாகப் பதில் சொன்னான்: “சூதுன்னா தோத்தா ஒண்ணும் கிடைக்காது ஹஜ்ரத். இதுல ஒவ்வொரு பேக்குலயும் அஞ்சு கார்டு கண்டிப்பா வரும். காசு போட்டு வெறுங்கையோட நான் ஒரு தடவைகூட வரல. அப்புறம் எப்படி இது சூதாகும்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன். அந்த இரண்டு நாளில் நான் பார்த்ததையும் படித்ததையும்தான் இம்மாதம் உங்களிடம் சொல்லப் போகிறேன். எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வி பிள்ளைகளின் மனத்தில் இருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை. அவை ஹராம் என்பதில் நம்மில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இந்தியப் பாராளுமன்றமே 2025 ஆகஸ்டில் அவற்றைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. நான் சொல்வது “இலவசம்” என்ற பெயரோடு வருகிற சீட்டு விளையாட்டுகளை. இவற்றில் ஜெயித்தாலும் பணம் வராது. அதனாலேயே பெற்றோர் பயப்படாமல் விட்டுவிடுகிறார்கள்.

மதரஸா மாணவர் ஒருவர் தம் போனில் இப்படிப்பட்ட விளையாட்டுகளை எனக்குக் காட்டினார். ஹார்த்ஸ்டோன் என்று ஒன்று, 2014ல் வந்தது. மார்வெல் ஸ்நாப் என்று ஒன்று, 2022ல் வந்தது. போக்கிமான் டி.சி.ஜி. பாக்கெட் என்று இன்னொன்று, 2024 அக்டோபரில் வந்தது. விளையாடுவதற்கு ஒரு காசும் வேண்டாம். ஆனால் ஆடுவதற்குச் சீட்டுகள் வேண்டும். ஹார்த்ஸ்டோனிலும் போக்கிமானிலும் அவை மூடிய பொட்டலத்தில் வருகின்றன. உள்ளே ஐந்து சீட்டு. என்ன சீட்டு என்பது பிரிக்கும் வரை தெரியாது. போக்கிமான் விளையாட்டில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பொட்டலம் இலவசம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காத்திருக்கப் பொறுமை இல்லாதவன் காசு கொடுத்துக் காத்திருப்பைக் கழித்துக்கொள்ளலாம். விரலால் ஓரத்தைக் கிழிக்க வேண்டும். வெளிச்சம் வருகிறது, சப்தம் வருகிறது, சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. எனக்கே அடுத்தது என்ன என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன்.

அந்த விளையாட்டில் ஐந்துமே அரிய சீட்டாக வருகிற பொட்டலம் ஒன்று உண்டு. அது கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 0.05 என்று கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. அதாவது சராசரியாக இரண்டாயிரம் பொட்டலத்தில் ஒன்று. தினம் இரண்டு இலவசப் பொட்டலம் என்றால் ஆயிரம் நாள். பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. போடத் தெரியாமல் அல்ல. அந்த நேரத்தில் கணக்குப் போடும் புத்தி வேலை செய்யாதபடி எல்லாம் அமைக்கப்பட்டிருக்கிறது.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் புறாக்களைக் கொண்டு ஆராய்ச்சி செய்து 1957ல் தம் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார். கொத்துகிற ஒவ்வொரு தடவையும் தானியம் விழுந்து பழகிய பறவை, தானியம் நின்றவுடன் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடுகிறது. எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி பழக்கப்பட்ட பறவையோ தானியம் நின்ற பின்னும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கிறது. பொட்டலம் பிரிக்கும் விரலுக்கும் இதே கதிதான்.

இன்னொரு தந்திரமும் கண்டேன். ரூபாயை நேராக வாங்குவதில்லை. முதலில் ரூபாய்க்கு “ஜெம்” அல்லது “தங்கம்” என்று ஏதோ ஒன்றைத் தருகிறார்கள். பிறகு அதைக் கொண்டு பொட்டலம் வாங்க வேண்டும். இருபது ஜெம் போனால் உம்மாவின் காசு போனதாகப் பிள்ளைக்குத் தோன்றாது. கையில் எப்போதும் கொஞ்சம் மீதம் இருக்கும்படி விலை வைத்திருப்பார்கள். அந்த மீதத்தை வீணாக்காமல் இருக்க இன்னும் கொஞ்சம் வாங்கத் தோன்றும். முதல் தடவை மட்டும் பாதி விலை. இன்று இரவோடு முடிகிறது என்று ஒரு கடிகாரம். ஒரு நாள் வராவிட்டால் பரிசு தவறிவிடும் என்று ஒரு பட்டியல். நம் பிள்ளையை பஜ்ருக்கு எழுப்ப நாம் படும் பாட்டை நினைத்துப் பார்த்தேன்.

இனிப் பையனின் கேள்விக்கு வருகிறேன். காசுக்கு ஏதோ ஒன்று நிச்சயம் கிடைக்கிறதே, பிறகு எப்படிச் சூது?

ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்து அம்பு எடுத்து விளையாடுவார்கள். பத்து அம்புகள். ஏழுக்குப் பங்கு உண்டு, மூன்று வெறும் அம்புகள். வெறும் அம்பு வந்தவன் ஒட்டகத்தின் விலையைச் சுமக்க வேண்டும். ஜெயித்தவர்கள் இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமையடித்துக்கொள்வார்கள். மைஸிர் என்றால் அவர்களுக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும். இதில் மனிதர்களுக்குச் சில பலன்கள் உண்டு என்பதை அல்லாஹ் தஆலா அல்பகரா சூராவின் 219ம் ஆயத்தில் மறுக்கவில்லை. பாவம் பலனைவிடப் பெரிது என்றே உணர்த்துகிறான். ஆகவே “ஏதோ கிடைக்கிறதே” என்பது சூதிலிருந்து ஒன்றை விலக்கி வைக்கும் காரணம் ஆகாது.

ஆனால் பையனுக்குச் சரியான பதில் மைஸிர் பாடத்தில் அல்ல, வியாபாரப் பாடத்தில் இருந்தது. ஹஸாத் என்று அரபியில் சொல்லப்படும் கல்லெறி வியாபாரத்தையும், என்ன பொருள் என்று தெளிவில்லாத கரர் வியாபாரத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. கல்லெறி வியாபாரத்துக்கு இமாம்கள் தரும் விளக்கங்களில் ஒன்று இது: வியாபாரி பல துணிகளை விரித்து வைப்பான். விலை முன்னாலேயே பேசியாகிவிடும். கல்லை எறிவார்கள். எந்தத் துணியில் கல் விழுந்ததோ அது வாங்கியவனுடையது. பட்டும் இருக்கலாம், கந்தலும் இருக்கலாம்.

கவனியுங்கள். அங்கேயும் வாங்கியவன் வெறுங்கையோடு போகவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு துணி நிச்சயம். அப்படியிருந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். ஏனென்றால் அவன் காசு கொடுத்தது துணிக்காக அல்ல, கல் எங்கே விழும் என்ற அந்த நடுக்கத்துக்காக. பையன் காசு கொடுத்ததும் ஐந்து சீட்டுக்காக அல்ல. அந்த ஐந்தில் நான்கு அவனிடம் ஏற்கனவே இருந்தவை என்று அவனே பிறகு சொன்னான்.

விளையாட்டு முழுவதுமே ஹராமா என்று சிலர் கேட்பார்கள். ஷாபிஈ மத்ஹபின் பிந்திய இமாம்கள் விளையாட்டுகளைப் பிரிக்க ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கணக்கையும் சிந்தனையையும் ஆதாரமாகக் கொண்டவை சதுரங்கத்தைச் சேரும். வெறும் ஊகத்தை ஆதாரமாகக் கொண்டவை, ஹதீஸில் கண்டிக்கப்பட்ட நர்து என்னும் பகடையாட்டத்தைச் சேரும். சதுரங்கத்தைக்கூட இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மக்ரூஹ் என்றும், பந்தயம் சேர்ந்தாலோ தொழுகை தவறினாலோ ஹராம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் கண்டிப்பு இன்னும் அதிகம். இந்தச் சீட்டு விளையாட்டில் ஆடுகிற பாகம் ஓரளவு சதுரங்கத்தைப் போன்றது. யோசித்துத்தான் ஆட வேண்டும். பொட்டலம் பிரிக்கிற பாகமோ முழுக்க நர்து. முன்வாசலில் சதுரங்கம், கொல்லையில் பகடை. கம்பெனிக்குக் காசு வருவது கொல்லை வழியாக.

காசே கொடுக்காமல் இலவசப் பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்கிறவனை ஹராம் செய்தான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. விலை இல்லாதபோது அது அன்பளிப்பு. ஆனால் அந்த அன்பளிப்பு தூண்டிலில் கோர்த்த புழு. என் பேரப் பிள்ளைகள் கையில் நான் கொடுக்க மாட்டேன். பெரிய உலமாக்கள் இதைவிடத் தெளிவாகச் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

தூண்டில் என்றவுடன் ஸப்து நாள்காரர்களின் நினைவு வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிப்பது அவர்களுக்குத் தடை. அன்றுதான் மீன்கள் கரைக்கு வந்து துள்ளின. வெள்ளிக்கிழமையே வலை விரித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். அல்அஃராஃப் சூராவின் 163ம் ஆயத்தில் அவர்களின் சம்பவம் வருகிறது. இப்படிப்பட்ட ஹீலா இன்றும் நடக்கிறது. மூடிய பெட்டிகளில் எது எத்தனை சதவீதம் என்று வெளியிட வேண்டும் என 2017ல் சீன அரசாங்கம் விதி கொண்டுவந்தது. ஹார்த்ஸ்டோனை நடத்தும் பிளிசார்டு கம்பெனி தன்னுடைய ஓவர்வாட்ச் என்ற இன்னொரு விளையாட்டில் என்ன செய்தது தெரியுமா? அந்நாட்டில் பெட்டியை விற்பதை நிறுத்தி, விளையாட்டுக் காசை விற்று, பெட்டியை “அன்பளிப்பாக” கூடவே கொடுத்தது. ஜப்பானிலும் 2012ல், பொட்டலச் சீட்டுகளில் ஒரு தொகுப்பை முழுதாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற முறையை நுகர்வோர் துறை சட்டவிரோதம் என்றது. ஒரே ஒரு சீட்டு பாக்கி என்ற நிலையில் பிள்ளைகள் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த முறை நின்றது; பொட்டலம் நிற்கவில்லை.

இவ்வளவு செலவழித்து வாங்கிய சீட்டு யாருடையது என்று பார்த்தால் அதுவும் இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டாக் தடை வந்தபோது, வெளியிட்ட கம்பெனிக்கு அதனோடு தொடர்பு இருந்த காரணத்தால் மார்வெல் ஸ்நாப் விளையாட்டும் ஒரே இரவில் மூடிக்கொண்டது. ஆடுகிறவர்களிடம் ஒரு குற்றமும் இல்லை. சில நாளில் திரும்பி வந்தது என்பது வேறு விஷயம். கந்தலானாலும் கல் விழுந்த துணியை அரபி வீட்டுக்கு எடுத்துச் சென்றான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அல்லாஹ் நமக்கு வாழ்க்கையின் நிலைக்களனாக ஆக்கிய செல்வத்தை விவரம் அறியாதவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டாம் என்று அன்னிஸா சூராவின் 5ம் ஆயத்தில் எச்சரிக்கிறான். அடுத்த ஆயத்தில், அநாதைகளின் சொத்தை அவர்களிடம் கொடுக்கும் முன் பக்குவத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறான். நாமோ இரகசிய எண்ணைச் சொல்லிக்கொடுத்து, “என் மகன் எல்லாம் செய்வான்” என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசுகிறோம். எண்ணை இன்றே மாற்றுங்கள். விளையாட்டுகளைப் பதிவிறக்கும் பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க வழி உண்டு. இரண்டு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் வழி குறைவு.

மூன்றாம் நாள் அவர்கள் வந்தார்கள். கல்லெறி வியாபாரத்தைப் பையனுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், “துணி கண்டிப்பா கிடைக்குமா ஹஜ்ரத்?” என்று ஒரு தடவை கேட்டான். கிடைக்கும் என்றேன். அதற்குப் பிறகு வாதம் செய்யவில்லை. அடிக்க வேண்டாம் என்று பெரியவரிடம் சொன்னேன். அந்த வருடக் குர்பானிப் பங்கைப் பெரியவர் கட்டுவது, பையன் பெருநாள் காசிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவது என்று பேசி முடித்தோம். தாயாரிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் ஒன்றும் பேசாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சூதாட வா என்று தோழனைக் கூப்பிட்டவன்கூட ஸதகா செய்யட்டும் என்ற கருத்தில் புகாரியில் ஒரு ஹதீஸ் இருப்பதைச் சொன்னேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு சிநேகிதர்களை அவன்தான் இந்த விளையாட்டில் சேர்த்துவிட்டிருக்கிறான்; ஆள் சேர்த்தால் ஒரு பொட்டலம் கிடைக்குமாம். சட்டைப் பையில் இருந்த இருபது ரூபாயைப் பள்ளி உண்டியலில் போட்டுவிட்டு வந்தான்.

போகும்போது ஒரு கேள்வி கேட்டான். சேர்த்து வைத்த சீட்டுகளோடு கணக்கை வேறொருவனுக்கு விற்றால் ஆயிரம் ரூபாயாவது வருமாம்; அதை உம்மாவிடம் கொடுத்துவிடலாமா? நல்ல எண்ணம்தான். ஆனால் நீ விழுந்த குழியை இன்னொரு தாயின் மகனுக்கு விலைக்குக் கொடுப்பதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றான்.

மறுநாள் மஃரிபுக்கு வந்தபோது அழித்துவிட்டதாகச் சொன்னான். நான் போனை வாங்கிப் பார்க்கவில்லை.